வேதத்தை மூடிய பிறகு

கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரி நேரு வீதிக்குப் போய்த் துணிக்கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டு வருடமாக வேதம் வாசிக்கிறேன். ஒரே வருடத்தில் முழு வேதாகமத்தையும் முடிக்கும் அட்டவணைப்படி, பஸ்ஸில் கைபேசியைப் பார்த்து வாசிக்கிறேன். அரியாங்குப்பம் வருவதற்குள் வாசித்தது மறந்துவிடுகிறது. இரண்டு முறையும் லேவியராகமத்தில் நின்றுபோனேன். தினமும் வாசிப்பதை அன்றாட வாழ்க்கைக்கு எப்படிக் கொண்டுவருவது ஐயா?"

தம்பி, கடலூர் முதுநகரில் ஞாயிறு மாலை வேதபாட வகுப்பு நடத்தத் தொடங்கி இருபத்தைந்து வருடம் தாண்டிவிட்டது. இந்தக் கேள்வியோடு வந்தவர்கள் ஏராளம். பெரும்பாலோர் தங்கள் விசுவாசத்திலேயே ஏதோ ஓட்டை இருப்பதுபோல வெட்கப்பட்டுக்கொண்டு கேட்பார்கள். நீங்கள் அப்படி எண்ண வேண்டாம். முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். வருடத்தில் முடிக்க வேண்டுமானால் மற்ற நாட்களில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து அதிகாரம் வாசிக்க வேண்டும். முதல் புத்தகமான ஆதியாகமத்தில் 50 அதிகாரம், இரண்டாவதான யாத்திராகமத்தில் 40. ஆக, ஜனவரி கடைசி வாரத்தில் லேவியராகமம் எதிரே வந்து நிற்கும். கொழுப்பு, குண்டிக்காய், குஷ்டம் என்று பக்கம் பக்கமாக வரும். அந்த வேகத்தில், நிற்கவும் இடமில்லாத பஸ்ஸில் வாசித்தால் யாருக்கும் மறக்கத்தான் செய்யும்.

ஆனால் எனக்கு மறக்கவே முடியாத ஒரு பாடம் கிடைத்தது அந்த லேவியராகமத்தில்தான். அதை விரிவாகவே சொல்கிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, நினைவிருக்கும். புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. எங்கள் வீட்டு மாடியில் கைப்பிடிச்சுவர் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு ஒரு கொத்தனார் தினக்கூலிக்கு வந்தார். மூன்று நாள் கூலியை அன்றன்றைக்கே கொடுத்தேன். நாலாம் நாள் சாயங்காலம் பூச்சு வேலை கொஞ்சம் பாக்கி இருந்தது. அன்றைய கூலியான 900 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு, "மீதியை முடித்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். புயலுக்குப் பிறகு கொத்தனாருக்குப் பத்து வீட்டில் வேலை காத்திருக்கும். கையில் காசு கொடுத்துவிட்டால் திரும்ப வர மாட்டார் என்பது என் கணக்கு. எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை. "சரிங்க ஐயா" என்று கரணையையும் மட்டப்பலகையையும் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் நான் வாசித்த பகுதி லேவியராகமம் 19. வகுப்பில் நானே பலமுறை நடத்திய அதிகாரம்தான். 13-ஆம் வசனம் வந்தது: "கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." நடத்திய நாட்களிலெல்லாம் இதைப் பழங்கால முதலாளிகளுக்குச் சொன்னதாக எண்ணித் தாண்டிப் போயிருக்கிறேன். அன்று தாண்ட முடியவில்லை. 900 ரூபாய் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. இரண்டு விடியற்காலம் கடந்திருந்தது.

அப்போது என் மனம் செய்த வாதங்களையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். வாசிப்பு வாழ்க்கையாக மாறாமல் நின்றுபோகும் இடம் இந்த வாதங்கள்தான். "வேலை முடியவில்லையே" என்றது மனம். மொத்தமாகப் பேசிய ஒப்பந்தத்தில் கடைசித் தவணையை முடிவில் கொடுப்பது நியாயமே. ஆனால் நான் பேசியது தினக்கூலி. அந்த நாளின் உழைப்பை அவர் கொடுத்தாயிற்று. "இது நியாயப்பிரமாணம், நாம் கிருபையின் கீழ் இருக்கிறோம்" என்றது அடுத்து. கண்ணை ஐந்து வசனம் கீழே இறக்கினேன். "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்று 18-ஆம் வசனத்தில் இருக்கிறது. இயேசு பிரதான கற்பனைகளில் ஒன்றாக எடுத்துச் சொன்ன வார்த்தை. அது இருக்கும் அதே பகுதியில்தான் கூலியும் இருக்கிறது. ஒன்றைச் சுவரில் எழுதி மாட்டிவிட்டு இன்னொன்றைப் பழைய சட்டம் என்று தள்ள எனக்கு வழி தெரியவில்லை.

பணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். அவருடைய மனைவியிடம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார். என்னோடு பேசுவதற்கு முன்பே பையனைக் கூப்பிட்டு, 500 ரூபாயை அவன் கையில் வைத்து, தெருமுனை மளிகைக்கடையில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். பையன் ஓடினான். அந்தக் கடைக் கணக்கில் என் இரண்டு நாளும் ஏறியிருந்தது.

கொத்தனார் மீதி வேலைக்குப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். இதையும் சொல்லவே வேண்டும். கீழ்ப்படிந்த மறுநாளே ஆசீர்வாதம் வந்ததாகச் சாட்சி சொல்லிச் சொல்லி, அப்படி வராதபோது இளைஞர்கள் சோர்ந்துபோகிறார்கள். என் கணக்குப்படி பார்த்தால் பணத்தைக் கொடுத்தது எனக்கு நஷ்டமே. அதைக் கொடுக்கச் சொன்ன வசனம் லாபத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பிறகு நடந்த ஒன்று, தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு மட்டும் கிடைப்பது. சில மாதங்கள் கழித்து மத்தேயு 20 வந்தது. இயேசு சொன்ன உவமையில் திராட்சத்தோட்டத்து எஜமான் வேலையாட்களை எல்லாம் கூப்பிட்டுக் கூலி கொடுக்கச் சொல்வது எப்போது? சாயங்காலத்தில். ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவனுக்கும் முழுக்கூலி கொடுத்த அவருடைய தயவைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்தத் தயாளன் முதலில் லேவியராகமம் 19:13-க்குக் கீழ்ப்படிந்தவன் என்பது அன்றுதான் கண்ணில் பட்டது. யாக்கோபு 5:4-ல் பிடித்து வைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது. கூலி வாங்க வேண்டியவன் "சரிங்க ஐயா" என்று போய்விட்டாலும் அந்தக் கூலி சும்மா இருப்பதில்லை. இழுப்பறையில் கிடந்த அந்த நோட்டுகளை நினைத்துக்கொண்டேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். நீங்கள் வாசிக்கும்போது எதைத் தேடுகிறீர்கள்? அநேகமாக, "இன்றைக்கு எனக்கு ஒரு வாக்குத்தத்தம்" என்று தேடுவீர்கள். நம் சபைகளில் அப்படித்தான் பழகியிருக்கிறோம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில், வரும் வருடத்துக்கென்று ஒரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். வருடம் முழுவதும் அது வீட்டு நிலைக்கண்ணாடியில் செருகியிருக்கும். எனக்கும் அந்த அட்டைகள் மேல் அன்பு உண்டு. அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அட்டையில் வசனத்தின் முன்னும் பின்னும் இருப்பது வராது.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. மறுநாள் இரவு மின்சாரம் இல்லாமல், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வருடக் கடைசி ஆராதனை நடந்தது. என் மைத்துனருக்குப் பண்ருட்டி பக்கத்தில் முந்திரியும் பலாவும் இருந்த தோப்பு. ஒரே காலையில் எல்லாம் வேரோடு சாய்ந்துவிட்டது. அவர் எடுத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எல்லாம் சீக்கிரம் திரும்பி வரும் என்று அதைப் புரிந்துகொண்டார். பொங்கல் போனது, மாசி போனது. நிவாரணத்துக்கும் கடனுக்கும் அலைந்ததுதான் மிச்சம். "கர்த்தர் சொன்னாரே, ஏன் நடக்கவில்லை?" என்று என்னிடம் கேட்டார். இருவரும் உட்கார்ந்து அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தோம்.

அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து எரேமியா, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வரும் என்கிறான். ஜனங்கள் கேட்க விரும்பியது அதுதான். எரேமியாவோ எழுபது வருடம் என்று எழுதுகிறார். நாம் அட்டையில் அச்சடிக்கும் 11-ஆம் வசனம், எழுபது வருடம் என்று சொல்லும் 10-ஆம் வசனத்துக்கு அடுத்த வரி. மைத்துனர் வெகுநேரம் பேசவில்லை. "அப்படியானால் இது எனக்கு இல்லையா?" என்றார். 5-ஆம் வசனத்தை வாசிக்கச் சொன்னேன். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்று அதே கடிதத்தில், அதே கர்த்தர் சொல்கிறார். 7-ஆம் வசனத்தில், சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணவும் சொல்கிறார். அந்த ஆடியில் மைத்துனர் பலாக்கன்று ஊன்றினார். அப்போது அவருக்கு வயது 61. பலா காய்க்க எத்தனை வருடமாகும் என்பது பண்ருட்டிக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அட்டை அவருக்கு ஆறுதல் கொடுத்தது, அது உண்மை. மண்வெட்டியைக் கையில் எடுக்க வைத்தது முழு அதிகாரம்.

ஆகவே நாளைக்கு வாசிக்கும்போது, இது எனக்கு என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன்பு, இதை யார், யாருக்கு, எந்த நிலைமையில் சொன்னார் என்று கேளுங்கள். பெரிய விளக்கவுரை நூல்கள் வேண்டாம். பத்து வசனம் மேலே போய், பத்து வசனம் கீழே வந்தாலே பாதி விளங்கிவிடும். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனத்தைத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். அதை எழுதும்போது பவுல் காவலில் கட்டப்பட்டிருந்தார். அதற்கு முந்தின வரியில் பட்டினியாயிருக்கவும் பரிபூரணமடையவும் கற்றுக்கொண்டேன் என்கிறார். தேர்ச்சி பெறாத பிள்ளைக்குத்தான் அந்த வசனம் அதிகம் தேவைப்படும்.

கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைத்த இடத்தை வாசிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கி.பி. 386-இல் மிலான் நகரத்துத் தோட்டத்தில், பிற்காலத்தில் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீன் புத்தகத்தைத் திறந்து கண்ணில் பட்ட ரோமர் 13-ஐ வாசித்து மனந்திரும்பினார் என்பதை இதற்குச் சான்றாகச் சொல்வார்கள். அந்த நாளுக்கு முன்பே அவர் பவுலின் நிருபங்களை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தவர், வருடக்கணக்காகத் தன்னோடு போராடிக்கொண்டிருந்தவர். புதுவையில் உங்களுக்குக் கத்தோலிக்க நண்பர்கள் இருப்பார்கள். அவர்களிடம் இதில் ஒரு நன்மையைக் கற்கலாம். திருப்பலி வாசகங்கள் ஞாயிறுகளுக்கு மூன்று வருடச் சுழற்சியிலும், வார நாட்களின் முதல் வாசகம் இரண்டு வருடச் சுழற்சியிலும் ஒழுங்கு செய்யப்பட்டிருக்கின்றன. இன்றைக்கு எதை வாசிக்கலாம் என்று வாசிப்பவர் தேர்ந்தெடுப்பதில்லை. நமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதில் குறைவு.

மொழியைப் பற்றியும் ஒன்று. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது இங்கிருந்த அச்சு இயந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அது வேப்பேரியில் ஜெர்மன் மிஷனரியான பப்ரீசியஸ் ஐயரிடம் வந்து சேர்ந்தது. அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772-இல் வெளிவந்தது. பிறகு 1871-இல் வந்த திருத்தத்தின் வழியில்தான் நம் சபைகளில் வாசிக்கும் பழைய திருப்புதல், அதாவது பழைய மொழிபெயர்ப்பு, நிற்கிறது. அந்தத் தமிழின் ஓசையில் வளர்ந்தவன் நான். அதை விட மாட்டேன். ஆனால் சில சொற்களின் பொருள் இதற்குள் நகர்ந்துவிட்டது. "எரிச்சலுள்ள தேவன்" என்று யாத்திராகமம் 20-இல் வாசிக்கும் இன்றைய பிள்ளை, எடுத்ததற்கெல்லாம் சிடுசிடுக்கும் ஒருவரை மனதில் வரைந்துகொள்கிறது. தன் ஜனத்தின் அன்பை வேறு தெய்வங்களோடு பங்குபோடச் சம்மதிக்காதவர் என்பதுதான் அங்கே பொருள். இப்படி இடறும் இடங்களில் 1995-இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. வாசிக்கும்போது, "இந்த வசனம் நம் மேலாளருக்குத்தான் பொருந்தும்" என்று தோன்றும். வசனத்தைத் தபாலில் அனுப்பிவைக்க ஆசை வரும். 2 சாமுவேல் 12-இல் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைக் கேட்டுக் கோபத்தில் பொங்கியபோது தாவீது ராஜாவும் யாரோ ஒருவனைத்தான் நினைத்தான். "நீயே அந்த மனுஷன்" என்றார் கதையைச் சொன்ன தீர்க்கதரிசி நாத்தான்.

துக்கத்தில் இருப்பவர்கள் மேல் வசனத்தை எறிவது இதைவிடக் கொடியது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் சுனாமி என்ன செய்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்று ஒருவர் சொன்னதை நான் காதால் கேட்டேன். வசனம் மெய்யானதுதான். அந்தத் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று எங்களுக்கு வேண்டியிருந்தது யோபு 2:13. யோபின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் இராப்பகல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் துக்கம் மிகவும் கொடியது என்று கண்டு ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகு எல்லாம் கெட்டது. எங்கள் வகுப்பில் அன்று முதல் இதைத் துக்க வீட்டுக்குப் போகிறவர்களின் பாடமாக வைத்திருக்கிறோம். 88-ஆம் சங்கீதத்தையும் தவறாமல் வாசிக்கிறோம். அது கடைசி வரை இருட்டிலேயே நிற்கும் ஜெபம். அப்படியும் தேவனிடம் பேசலாம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இனி நடைமுறை. அட்டவணையை ஒரு வருடத்துக்கு ஒதுக்கி வையுங்கள். தினமும் ஒரு அதிகாரம் போதும், நீளமானால் பாதி. முடிந்தால் வீட்டிலேயே, புத்தகத்திலேயே வாசியுங்கள். பஸ்ஸில்தான் முடியும் என்றால் பஸ்ஸிலேயே ஆகட்டும், ஆனால் முள்ளோடை வருவதற்குள் கைபேசியை மூடிவிடுங்கள். மீதித் தூரம் வாசித்ததை அசைபோடுவதற்கு. ஒரு சின்ன நோட்டு வாங்கி, அதில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். "அன்பாயிருக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதிய வரிகள் என் பழைய நோட்டுகளில் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன, ஒன்றும் நடந்ததில்லை. ஒரு ஆளின் பெயரும், சாயங்காலத்துக்குள் முடிக்கக்கூடிய ஒரு செயலும் அந்த வரியில் இருக்க வேண்டும். இரவு படுக்கும்போது அந்த வரியைத் திரும்பப் பாருங்கள். நடந்தால் ஸ்தோத்திரம், நடக்காவிட்டால் மறுநாள் புதிதாக எழுதாமல் அதே வரியை வைத்துக்கொள்ளுங்கள். சில நாள் எழுத எதுவும் வராது. வம்ச வரலாறு வாசித்த நாளில் பாடத்தைப் பிழிந்து எடுக்க வேண்டாம், வாசித்ததே போதும்.

உங்கள் வேலைக்கு நெருக்கமாக ஒன்று சொல்கிறேன். நீதிமொழிகளில் 31 அதிகாரம். தேதிக்கு ஒன்றாக வாசிப்பது பழைய வழக்கம். 20-ஆம் தேதி வரும் 20:14-ஐப் பாருங்கள்: "கொள்ளுகிறவன்: நல்லதல்ல, நல்லதல்ல என்பான், போய்விட்டபின்போ மெச்சிக்கொள்ளுவான்." கடையில் நிற்கும் நீங்கள் இப்படிப்பட்டவர்களைத் தினமும் பார்ப்பீர்கள். நான் அதைத் துறைமுகத்து மீன் சந்தையில் கற்றேன். சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்து, அது சிவப்பாக இருப்பதை நன்றாகக் கண்டுகொண்டே, "நேற்றைய மீன் மாதிரி இருக்கிறதே" என்று சொல்லி விலையைக் குறைத்தேன். வீட்டுக்கு வந்து, "எவ்வளவு புதுசு பார், எவ்வளவு மலிவு பார்" என்று மனைவியிடம் காட்டினேன். விற்கிறவன் பொய் சொல்லக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். வாங்குகிறவனின் பொய்யையும் வேதம் எழுதி வைத்திருக்கிறது. இப்போதும் பேரம் பேசுகிறேன். "எனக்கு இவ்வளவுதான் முடியும் அம்மா" என்று சொல்கிறேன், மீனைப் பழிப்பதில்லை. உங்கள் பக்கத்தில், சாயம் போகும் என்று தெரிந்த துணியைக் காட்டி "போகாது" என்று சொல்லச் சொல்வார்களானால் அது சிரமமான இடம். வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் எளிதாக எழுத மாட்டேன். "முதல் இரண்டு தடவை தனியாக அலசுங்கள்" என்று நீங்களாகச் சொல்லிப் பாருங்கள். வாடிக்கையாளர் வாங்காமல் போனால் அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

லேவியராகமத்துக்குத் திரும்பிப் போகும்போது முதல் அதிகாரத்தில் தொடங்க வேண்டாம். 19-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 9, 10-ஆம் வசனங்களில் வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறது. மறுநாள் ரூத் புத்தகம் இரண்டாம் அதிகாரம். அந்த ஓரத்தில்தான் ரூத் வந்து நிற்கிறாள். அங்கே 16-ஆம் வசனத்தில் வயலின் சொந்தக்காரனான போவாஸ் தன் வேலைக்காரருக்குச் சட்டம் கேட்டதற்கும் மேலே ஒன்று சொல்கிறான். அது என்னவென்று பார்த்து, உங்கள் கடையில் அது யாருக்கு என்று அந்தப் பெயரை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.